ஐம்பத்தைந்தாம் கோட்டுக்கு நேரே இரண்டு இடம்

அன்புள்ள மகன்,

அந்த வட்டத்தைப் போட்டது நான்தான்.

நீ கம்பசுக்குப் போன முதல் கிழமை, சாப்பாட்டு மேசையில் இருந்து சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னாய். ஸ்டேடியத்தின் நடுவில் எவனோ ஊர்ப் பந்தடிக்குப் போடுகிற மாதிரிப் பெரிய வட்டம் கீறி வைத்திருக்கிறான், மேலே இருந்து எடுத்த படம்கூட மாணவர் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று. எந்த விசரன் அப்பா அது என்று என்னைத்தான் கேட்டாய். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சோற்றுக்குக் குழம்பை விட்டபடியே, ஒரு போர்த்துக்கீசன் செய்த வேலை என்று கேள்வி என்றேன். அம்மா அந்தப் போர்த்துக்கீசனுக்காகக் கவலைப்பட்டா. பாவம், வேலை போய்விடுமோ என்றா. எனக்கு அடுத்த வாய் இறங்கவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன், சந்தேகம் வரக்கூடாதல்லவா.

நடந்தது இதுதான். போர்த்துக்கீசன் என்று நான் சொன்னது என் மேற்பார்வையாளன் மனுவேலை. அவனுக்கு அன்றைக்குப் பல்வலி. கயிறு கட்டி, முளை அடித்து, ஐந்து யாருக்கு, அதாவது ஐந்து கெசத்துக்கு, ஒரு கோடு என்று எல்லாம் அளந்து வைத்துவிட்டு, கோடு போடும் வண்டியை என் கையில் தந்துவிட்டுப் பல் வைத்தியரிடம் போய்விட்டான். நான் ஒரு கோடும் கோணாமல் போட்டேன். நூற்றுப்பத்து யார் நீளம். போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால் நடுவில் வட்டம் இல்லை. மனுவேல் பல்வலியில் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். ஊரில் எங்கள் கழகத்துக்கு லெஃப்ட் அவுட் விளையாடியவன் நான், வட்டமில்லாத மைதானத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பேன்? முளையடித்துக் கயிறு பிடித்து, பத்து யாருக்கு அழகான ஒரு வட்டம் போட்டேன். கோல் காப்பாளனுக்குப் பெட்டியும் போடத் தொடங்கினேன், நல்ல காலம், பெயின்ற் முடிந்துவிட்டது. பின்னேரம் மனுவேல் ஒரு பக்கக் கன்னம் வீங்கி வந்து பார்த்தான். வட்டத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். பிறகு, நல்ல வட்டம், ஆனால் இங்கே பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்றான். பச்சைப் பெயின்ற்றால் மூடினோம். அந்தப் பச்சை புல்லின் பச்சை இல்லை. முதல் பனி விழும் வரை அந்த வட்டம் அப்படியே கிடந்தது. அதன் மேல்தான் உங்கள் கல்லூரி அந்த வருடம் முழுக்கத் தோற்றது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஸ்டேடியத்தை இடிக்கப் போகிறார்கள். இந்தப் பருவத்தோடு சரி. கொங்கிறீற்று வெடித்துவிட்டது, மேல் வரிசைகளில் ஆட்களை ஏற்றுவது ஆபத்து என்று எஞ்சினியர்மார் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கடைசி ஆட்டம். அங்கே வேலை செய்கிற எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு ரிக்கற் தந்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் அங்கே ஒருநாளும் ஒரு வாங்குப் பலகையில் சும்மா இருந்து ஆட்டம் பார்த்ததில்லை. கூட்டியிருக்கிறேன், கழுவியிருக்கிறேன், கழன்ற ஆணி அடித்திருக்கிறேன். ஒரு ரிக்கற் என் சட்டைப் பையில் இருக்கிறது. மற்றதை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். கல்கரியில் இருந்து ஒரு ஆட்டம் பார்க்க யார் வருவான் என்று நீ கேட்பாய். முழுக்க வாசித்துவிட்டுக் கேள்.

ஸ்டேடியத்தைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. நாலு வருடம் அங்கே படித்தாலும் உனக்குத் தெரியாது. படித்த ஆட்களின் குறை அது. மனுவேல் சொல்வான், முதலில் அங்கே வெறும் புல்லும் பலகை வாங்குகளும்தான் இருந்ததாம். சனம் தொப்பி போட்டுக்கொண்டு, கம்பளிக் கோட்டோடு வந்து, இருக்க இடமில்லாமல் வேலியில் ஏறி நின்று பார்த்ததாம். அதற்குப் பிறகுதான் கொங்கிறீற்றுப் படிகள் வந்தன. மேற்குப் பக்கம் உயரம், கிழக்குப் பக்கம் பதிவு, தாழ்வான படிகள். கட்டினவன் கெட்டிக்காரன். பின்னேரச் சூரியன் மேற்குப் படிக்குப் பின்னால் இறங்கும். எங்கள் ஆட்கள் நிழலில் இருந்து கோப்பி குடிக்க, எதிர்க்கட்சிக்கு ஆதரவாக வந்தவர்கள் கிழக்குப் பக்கத்தில் கையைக் கண்ணுக்கு மேலே பிடித்தபடி இருப்பார்கள். விளையாட்டுக்காரர் வெளியே வருகிற சுரங்கப் பாதையின் வாசலில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வராத விளையாட்டுக்காரரின் பெயர்கள். அதை மினுக்குவது என் வேலை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஒரு பெயருக்கு ஒரு நிமிடம் போகும். ஒரே குடும்பப் பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்து இருக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பேன். கீழே சப்வே ரயில் ஓடும்போது மேற்குப் பக்க வாங்குகள் மெல்ல நடுங்கும். புதிதாக வந்த ஆட்கள் பயப்படுவார்கள். எனக்கு அது பிடிக்கும். யாரோ எழுப்பிவிடுகிற மாதிரி இருக்கும்.

உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்துதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அந்த அறையில்தான் என் புத்தி கெட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், இருக்காமல் போகாது. வட்டக் கதை அடங்கி ஒரு மாதம் இருக்கும். நான் அங்கே தூசு தட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே பார்த்தால் ஓடுபாதையில் நீ, மூன்று சிநேகிதரோடு, தலைமயிரைக் கோதிக்கொண்டு நடந்து வருகிறாய். அவர்களில் ஒருத்தி பெண். மைக் மேசையில் இருந்தது. அது தெரியாமல் பட்டுவிட்டது என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். பொத்தானை அமத்தி, சிவப்பு லைற் எரிகிறதா என்று பார்த்துத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு வயது வரை உன் தலையில் ஒன்றும் முளைக்காத காரணத்தால் வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"டேய் மொட்டை, சாப்பிட்டியா?"

ஸ்டேடியம் வெறுமையாகக் கிடந்ததால் கிழக்குப் பக்கப் படியில் அடித்து இன்னொரு தரமும் கேட்டது. சாப்பிட்டியா. உன் சிநேகிதருக்குத் தமிழ் தெரியாது, அவர்கள் கடவுளைத் தேடுவதுபோல் மேலே பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை. சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோலக் குனிந்தாய். அன்று நீ போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, குளிர்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "அப்பா, அங்க என்னைக் கண்டால் கூப்பிடாதேங்கோ. கதைக்கவும் வேண்டாம், என்ன?"

ஓம் என்றேன். நீ கோபமாகச் சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னாய். அதனால்தான் எனக்கு ஆழமாக இறங்கியது. கத்தியிருந்தால் திரும்பக் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் மறந்திருப்போம்.

நான் வாழ்க்கையில் காப்பாற்றாத வாக்கு எத்தனை என்று அம்மாவைக் கேள், விரல் விட்டு எண்ணுவா, கால் விரலும் வேண்டும். சிகரெட்டை விடுகிறேன் என்றது, கார் ஓட்டப் பழகுகிறேன் என்றது, அவவின் தங்கச்சியை நக்கல் அடிக்கமாட்டேன் என்றது. எல்லாவற்றுக்கும் பதிலாக இந்த ஒன்றை நாலு வருடம் காப்பாற்றினேன். நீ சுரங்கப் பாதைப் பக்கம் வந்தால் நான் ஸ்கோர் பலகைக்குப் பின்னால் போய்விடுவேன். அங்கே மாற்றவேண்டிய பல்ப் எப்போதும் இருக்கும். ஒருமுறை ஒளிய இடமில்லாமல், ஓடுபாதை ஓரத்தில் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு குந்திவிட்டேன். நீ போவாய் என்று பார்த்தால் யாரோ ஒருத்தியுடன் நின்று கதைக்கத் தொடங்கிவிட்டாய். இதை நான் நீ கட்டப்போகிற வாசுகிக்குச் சொல்லவில்லை, நீயும் என்னைப் பகைக்காதே. முழங்கால் பிடித்துக்கொண்டது. மனுவேல் வந்துதான் தூக்கிவிட்டான். யாரிடம் கடன் வாங்கினாய் என்று கேட்டான்.

ஆட்ட நாள்களில் நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும். கிழக்குப் பக்கம், கீழே இருந்து ஆறாவது வரிசை, மாணவருக்கு விடுகிற இடம். வெயில் நேரே முகத்தில். மைதான ஓரத்தில் எங்கள் சாமான் வைக்கிற கொட்டிலின் கதவு இடுக்கால் பார்ப்பேன், பத்திரிகையை மடித்துக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டிருப்பாய். மேற்குப் பக்கம் முக்கால்வாசி வெறுமை, அங்கே போய் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எழும்பி அந்தப் பக்கம் போடா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை. ஒரு வசனம். அதற்காக இன்னொருவனை அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். சொன்ன சொல் சொல்தானே என்று இருந்துவிட்டேன். நாலு பருவம் நீ வெயிலுக்குள் இருந்தாய்.

இனி வாசுகி வந்த நாளுக்கு வருகிறேன். போன ஞாயிறு யூனியன்வில்லில் இருந்து தகப்பனின் காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். கலியாண வீடியோவில் முதலில் ஓட்டுவதற்கு உன் சின்ன வயதுப் படங்கள் வேண்டுமாம். சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த படங்களை அம்மா கம்பளத்தில் கொட்டினா. மொட்டைத் தலையோடு நீ இருக்கிற படத்தை மூன்று பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். கம்பசில் தகப்பனும் மகனுமாக ஒரு படமும் இல்லையா, இரண்டு பேரும் ஒரே இடத்தில்தானே நாலு வருடம் இருந்தீர்கள் என்று அவள் அம்மாவைக் கேட்டாள். அம்மா இல்லை என்றா. பிறகு அவள் குரலைத் தணித்துச் சொன்னாள். குசினிச் சுவர் மெல்லிசு, அது அவளுக்குத் தெரியாது.

"மாமி, நான் சொன்னன் எண்டு சொல்லாதேங்கோ. வேலை கிடைச்ச கடிதம் வந்த அண்டைக்கு அவர் முதல்ல மாமாட்டைத்தான் கொண்டுபோனவராம். மாமா கொட்டிலுக்குள்ள ஒளிச்சு நிண்டவராம். கதவுக்குக் கீழால வெள்ளைப் பெயின்ற் பட்ட சப்பாத்துத் தெரிஞ்சதாம். சாப்பிட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தவராம். மாமா வெளியில வரேல்லையாம்."

நான் கேத்திலை அடுப்பில் இருந்து இறக்கினேன்.

அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். உன் கடைசி வருடம், ஏப்ரல், பனி கரைந்து புல் மஞ்சளாகக் கிடந்தது. மத்தியானம். நீ தனியாக வந்தாய், கையில் அம்மா கட்டித் தந்த சாப்பாட்டுப் பெட்டி. வழமைபோல் படிகளுக்குப் போகாமல் நேரே மைதானத்தின் நடுவுக்கு நடந்தாய், ஐம்பத்தைந்தாம் கோட்டுக்கு. சரியாக என் வட்டம் இருந்த இடம். கொட்டிலைப் பார்த்தபடி நின்றாய். பிறகு நிலத்தில் குந்திச் சாப்பிடத் தொடங்கினாய். ஈரப் புல்லில் இருக்கிறானே, காய்ச்சல் வரப்போகிறது என்று நான் உள்ளே நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கதவின் கொளுக்கியில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். இரண்டு தரம் அதைத் தூக்கினேன். கூப்பிடாதேங்கோ என்றது நீதானே. யாராவது சிநேகிதனுக்காகக் காத்திருக்கிறாயாக்கும், நான் போய் அவமானப்படுத்தக்கூடாது என்று நினைத்தேன். நீ பெட்டியை மூடினாய், காற்சட்டையைத் தட்டினாய், போனாய். பின்னேரம் நான் வீட்டுக்கு வர, அம்மா வாசலில் நின்று உனக்குக் கல்கரியில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னா. உனக்குக் கை தந்தேன். நீயும் தந்தாய். உன் கை ஏன் அப்படிப் பிடிப்பில்லாமல் இருந்தது என்று எனக்குப் போன ஞாயிறுதான் விளங்கியது.

தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். வாசுகி முகம் வெளுத்துப்போய், "மாமா, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லைத்தானே?" என்றாள். எனக்கு ஒரு காது மந்தம் என்றேன். எந்தக் காது என்று கேட்டாள். குசினிப் பக்கக் காது என்றேன். சிரித்தாள். நல்ல பிள்ளை. ஆனால் அவள் சிரித்து முடிய அழுதாள், அம்மாவும் சேர்ந்தா, நான் பிஸ்கற் எடுக்கப் போவதாகச் சொல்லி உள்ளே வந்து, பிஸ்கற் பெட்டி எங்கே இருக்கிறது என்று மறந்து நின்றேன்.

ஆகவே கேள், மகன். நான் உன்னைப் பார்க்க விருப்பமில்லாமல் ஒளியவில்லை. உன்னோடு நிற்க வெட்கப்பட்டும் ஒளியவில்லை. உனக்கு என்னால் வெட்கம் வரக்கூடாது என்று ஒளிந்தேன். நீ பதினெட்டு வயதில், குளிர்ப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்ன ஒரு வசனத்தை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். நீ அதை அடுத்த மாதமே மறந்திருப்பாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு கதவுக்கு இரண்டு பக்கத்தில் நின்றிருக்கிறோம், கதவில் பூட்டுக்கூட இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நீ பெரிய படிப்புப் படித்தவன். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்ஸ்தான் கிடைத்திருக்கிறது.

கலியாணம் கட்டப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வாசுகி உன்னிடம் இதைச் செய்யாதே, அதைப் பேசாதே என்று ஏதாவது சொல்லுவாள். கேள். ஆனால் ஒரு வருடம் கழித்து, அது இன்னும் அப்படியேதானா என்று ஒருக்கால் விசாரித்துப் பார். நான் அம்மாவின் தங்கச்சியை நக்கல் அடிக்கலாமா என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் விசாரித்துப் பார்க்கிறேன். இன்னும் அப்படியேதான். பரவாயில்லை, கேட்டதால் தெரிந்தது. எங்கள் ஸ்டேடியத்து விளையாட்டில் ஒரு கட்சிக்கு மூன்று தரம் கொடுப்பார்கள், அதற்குள் பந்தோடு பத்து யார் தூரம் முன்னே போகவேண்டும். நானும் கொட்டிலுக்குள் இரண்டு தரம் கொளுக்கியைத் தூக்கினேன். மூன்றாவது தரம் தூக்காமல் விட்டது என் பிழை.

இந்தக் கடிதம் அந்த மூன்றாவது என்று வைத்துக்கொள். மேற்குப் பக்கம், மேலே இருந்து நாலாவது வரிசை, ஐம்பத்தைந்தாம் கோட்டுக்கு நேரே. பதினேழும் பதினெட்டும். மனுவேலிடம் சொல்லிக் கேட்டு எடுத்தேன், அந்த வரிசைக்கு மேலேதான் ஆட்களை விடமாட்டார்கள். வெயில் முகத்தில் அடிக்காது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை நாங்கள் இரண்டு பேரும் இருந்து நக்கல் அடிக்கலாம். சப்வே போகும்போது வாங்கு நடுங்கும், நீ பயப்படாதே. வாசுகி கமெரா கொண்டு வருவாள். நீ சுரங்கப் பாதைப் பக்கத்தால் வந்தால் நான் மேலே இருந்து கூப்பிடுவேன், எந்தப் பெயரால் என்று உனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் இப்போதே ரெலிபோன் எடுத்துச் சொல், இந்த முறை, உண்மையாகவா என்று திருப்பிக் கேட்பேன்.

இடிக்கப் போகிற ஸ்டேடியத்துக்கு எங்களைக் கொண்டு இந்தக் கிழமை பெயின்ற் அடிக்க வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் உடைக்கிற வாங்குக்கு இப்போது எதற்குப் பெயின்ற் என்று மனுவேலைக் கேட்டேன். பழைய ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள், அவர்கள் கண்ணுக்கு அழுக்காகத் தெரியக்கூடாது என்றான். எனக்கு அது சரியாகப் பட்டது. எங்கள் வரிசையை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன். பலகைக்கு நீலம், அது முதல்நாளே காய்ந்துவிட்டது. நேற்று அதன் மேல் இலக்கம் வெட்டிய தகடுகளை வைத்து வெள்ளையில் அடித்தேன். பதினெட்டைத்தான் முதலில் அடித்தேன், உன்னுடையது. பதினேழைக் கடைசியாக, வீட்டுக்குப் போகிற நேரத்தில். வரிசையின் தொடக்கத்தில் ஈரப் பெயின்ற், இருக்கவேண்டாம் என்று மட்டையில் எழுதிய அறிவித்தலை என் கையாலேயே கட்டினேன். பிறகு பக்கத்து இடத்தில் ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பதினேழில் குந்தியபடி பதினெட்டைப் பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் இருந்தேன்.

சப்வேயிலும் பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அன்றைக்கு நல்ல சந்தோசமாக இருந்தார்கள். வோபர்னில் இறங்கி வீட்டுக்கு வந்து, வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது, பின்னால் நின்ற அம்மா சொன்னா, காற்சட்டையின் பின்பக்கத்தில் வெள்ளையில் ஏதோ இலக்கம் இருக்கிறதாம், மறுபக்கமாகத் திரும்பியிருப்பதால் கண்ணாடியில் பார்த்தால்தான் வாசிக்கலாமாம். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பார்த்தோம். பதினேழு. காற்சட்டையை ஊறப் போட்டிருக்கிறது. நீ வரும்போது பதினேழில் இலக்கம் இருக்காது. பதினெட்டுக்குப் பக்கத்தில் உள்ளதுதான் என்னுடையது.

இப்படிக்கு,
அப்பா